நெசாவா ஓடையில் காணாமல் போன நண்டுகள்

அத்தியாயம் மூன்று

"மொத்தம் என்ன கெடைச்சுது?" என்று கேட்டார் ஊர்ச் சங்கத் தலைவர் நுகுயி.

"ஒரு அட்டைங்க."

"சரி, அட்டை. அப்புறம்?"

"அப்புறம் அதே அட்டைதாங்க. ரெண்டாவது தடவையும் அதுவே வந்துச்சு."

பதில் சொன்னவர் என் உதவியாளர் உமேனோ அக்கா. சுற்றுலா பஸ்ஸில் மைக் பிடித்து ஊர் ஊராக வழிகாட்டிக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். நிஜமான ஓய்வு என்னிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கிடைத்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கன்பாரா. தொமியாசு ஊரின் ஒரே தனியார் துப்பறிவாளன். போட்டிக்கு ஆளில்லாததால் முதலிடத்தில் இருக்கிறேன். காணாமல் போன பூனைகளில் பாதியை நான் கண்டுபிடித்திருக்கிறேன். மீதிப் பாதி தானாகவே வீடு திரும்பி என் பேரைக் காப்பாற்றியிருக்கின்றன.

அன்று ஜூன் மாதத்து ஞாயிறு. வருஷத்தில் அந்த ஒரு நாள் நாடு முழுக்க ஜனங்கள் கால்சட்டையை மடித்துக்கொண்டு ஆற்றிலும் ஓடையிலும் இறங்கிவிடுவார்கள். கல்லைப் புரட்டி, அடியில் குடியிருக்கும் ஜீவன்களை எண்ணுவார்கள். ஓடை நண்டும் தட்டைப் பூச்சியும் இருந்தால் தண்ணீர் ஆரோக்கியம். அட்டை மட்டும் இருந்தால் சீக்கு. எல்லா ஊர்க் கணக்கும் ஒரே தேசப் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். நாட்டின் நன்னீர் போன வருஷத்தைவிடத் தேறியிருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று அந்தப் புள்ளிகளைக் கூட்டித்தான் சொல்கிறார்கள்.

எங்கள் நெசாவா ஓடையின் புள்ளி மூன்று வருஷத்துக்கு முன்புவரை நீலம். பிறகு பச்சையானது, போன வருஷம் மஞ்சள். இந்த வருஷம் சிவப்பு என்று அந்த ஒற்றை அட்டை தீர்ப்பு எழுதிவிட்டது. மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த விருந்தாளிகள் அதைப் பார்த்து, "அழகான ஓடை" என்று பாராட்டிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் கார் ஏறிவிட்டார்கள்.

"நம்மால நாட்டோட கணக்கே கீழ எறங்குது," என்றார் நுகுயி. ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். ஒரு வண்டி தாமதமானாலும் தன் சொந்தத் தவறாக எடுத்துக்கொண்டு குனிந்து மன்னிப்புக் கேட்டவர். இப்போது அவர் கண்ணில் அதே வலி இருந்தது.

"தலைவரே, ஒரு விஷயம்," என்று உமேனோ அக்கா ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயைத் தூக்கிக் காட்டினார். காலையில் ஓடைத் தண்ணீரை உறிஞ்சி எடுத்த சோதனைக் குழாய். "இது ரோஜா நெறமா மாறியிருக்கு. ரோஜான்னா தண்ணி சுத்தம்னு அட்டையில போட்டிருக்கு."

"எந்த அட்டையில?"

"வழிகாட்டி அட்டையில தலைவரே. கடிக்கற அட்டையில இல்ல."

"குழாய் பழசா இருக்கும்."

"தண்ணி தங்கமா இருக்கு. குடித்தனக்காரங்கதான் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

வழக்கின் மொத்தத் தீர்வும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. கவனமெல்லாம் என் கணுக்காலில் இருந்தது, ஏனென்றால் அந்த அட்டை அங்கேதான் இருந்தது.

நுகுயி என்னை ஓரமாக அழைத்துப் போனார். "கன்பாரா, சின்ன உதவி ஒண்ணு. மேல் பக்கம்... வெள்ளையா... ஏதாவது வருதான்னு... நான் யாரையும் சொல்லல. ஆனா அஞ்சு மணிக்குக் கூட்டம் இருக்கு. அதுக்குள்ள..."

எங்கள் ஊரில் இப்படித்தான், முக்கால் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வோம். மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். மேல் பக்கம் டோஃபு என்னும் சோயாக் கட்டிக் கடை வைத்திருக்கும் குராயிஷி மிட்சுயே, சோயா வடித்த தண்ணீரை ஓடையில் விடுகிறார், ஆதாரம் கொண்டு வா. மூடிக் கிடந்த கடையை அவர் திரும்பத் திறந்தது மூன்று வருஷத்துக்கு முன் வசந்தத்தில். ஓடைக்குச் சீக்கு வந்ததும் அதே வசந்தத்தில். பத்துக்குப் பத்துப் பொருத்தம். கூட்டத்தில் அவரைக் 'கொஞ்சம் யோசிக்கும்படி' கேட்டுக்கொள்ளப் போகிறார்கள். 'யோசியுங்கள்' என்றால் இங்கே 'மூட்டை கட்டுங்கள்' என்று அர்த்தம்.

"கவலைப்படாதீங்க, முடிச்சுத் தர்றேன்," என்றேன். இப்படிச் சொல்லும்போதெல்லாம் என் வாய் மட்டும் தனியாக ஒரு பெரிய துப்பறிவாளனுக்கு வேலை செய்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வருவதுண்டு.

* * *

திட்டம் என்னுடையது. சாதாரண வாடிக்கையாளன் போல உள்ளே நுழைவது. தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"வாங்க கன்பாரா," என்றார் குராயிஷி. "தொப்பி நல்லா இருக்கு. ஆதாரம் முன்பக்கம் தேடப் போறீங்களா, பின்பக்கமா?"

நாற்பது வயதிருக்கும் பெண்மணி. ரப்பர் பூட்ஸ். முழங்கை வரை ஈரம். அவருக்குப் பின்னால் பெரிய எஃகுத் தொட்டியில் வெள்ளைக் கட்டிகள் வரிசை கலையாமல் தண்ணீருக்குள் கிடந்தன. மதியமாகிவிட்டது, ஒன்றுகூட விற்றதாகத் தெரியவில்லை.

"டோஃபு வாங்கத்தான்..."

"கெட்டியா, மெத்துனு இருக்கறதா?"

நான் திருதிருவென்று விழித்தேன். உமேனோ அக்கா என் தோளைத் தட்டினார். "அவர் கப் நூடுல்ஸ் பரம்பரைம்மா. அவரை விட்டுடுங்க. பின்பக்கம் காட்டுங்க, பாத்துட்டுப் போயிடறோம்."

குராயிஷி மறைக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டார். சோயா வடித்த தண்ணீர் நீல டிரம்களில் நின்றது. "இது ஊர்ப் பொதுக் குளியல் வீட்டுக்குப் போகுது. தரை தேய்க்க இதுக்கு மேல ஒண்ணு இல்லைன்னு அவங்களே வந்து எடுத்துட்டுப் போறாங்க. சக்கை பன்னிப் பண்ணைக்கு. ஓடையில விழறது டோஃபு மெதக்கற ஊத்துத் தண்ணி மட்டுந்தான்."

"சொல்றதுக்கென்ன, யார் வேணா சொல்லலாம்," என்றேன், தொழில் கெத்தை விடாமல்.

"நம்ப வேண்டாம். எறங்கிப் பாருங்க." டிரம்மின் மூடியை அழுத்திவிட்டுச் சொன்னார்: "எப்படியும் இந்த மாசத்தோட மூடறேன். கூட்டத்துல நீங்க யாரும் மென்னு முழுங்க வேண்டாம், நானே சொல்லிடறேன். செய்யறதுல பாதி இப்ப பன்னிக்குத்தான் போகுது. இந்த ஊர்ல என்னைப் பத்தி எதுவும் நெனைக்காம சாப்பிடறது அதுங்க மட்டுந்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடம் வந்தால் நான் உடனே வேலையில் தீவிரமாகிவிடுவேன். கடையின் வடிகால் குழாய் ஓடையில் விழும் இடத்துக்கு விறைப்பாக நடந்தேன், ஒரு கல்லில் கால் வைத்தேன், அடுத்த நொடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செத்துட்டீங்களா முதலாளி, இல்ல யோசிக்கறீங்களா?" கரையிலிருந்து உமேனோ அக்கா.

"கல்லு வழுக்கிடுச்சு."

"கல்லு அங்கயேதான் இருக்கு. வழுக்கினது நீங்க."

எழுந்திருக்கும்போதுதான் தெரிந்தது, என் கால்சட்டைக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று. அவர்கள் கிள்ளினார்கள். நான் போட்ட சத்தத்துக்குக் குராயிஷி கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நாகரிகம் கருதி உள்ளே போய்விட்டார். உமேனோ அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, கால்சட்டை நுனியிலிருந்து ஒரு செம்பழுப்பு நண்டை இரண்டு விரலால் எடுத்தார்.

"ஓடை நண்டு. நல்ல தண்ணியைத் தவிர வேற எங்கயும் குடும்பம் நடத்தாது." பக்கத்துக் கல்லைப் புரட்டினார். அடியில் தட்டைப் பூச்சிகள் திசைக்கொன்றாக ஓடின. அடுத்த கல்லில் மணலை ஒட்டி வீடு கட்டிய புழுக்கள் குடியிருப்பு வரிசை போல இருந்தன. "இது நீலப் புள்ளி முதலாளி. அதுவும் டோஃபு கடைக் குழாய்க்கு நேர் கீழயே."

ஆக, ஊரே மூன்று வருஷமாக மனசுக்குள் விசாரித்து மனசுக்குள் தண்டனையும் கொடுத்திருந்த குற்றவாளி நிரபராதி. அப்படியானால் கொலைகாரன் யார்? நாரைக் கூட்டமா? யாராவது மின்சாரம் பாய்ச்சுகிறார்களா? பக்கத்து ஊர்க்காரர்களின் பொறாமையா? தண்ணீரிலேயே கீழ்நோக்கி நடந்தபடி இந்தக் கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். உமேனோ அக்கா ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பாலம் வரை நண்டு இருந்தது, பூச்சி இருந்தது. பாலத்தைத் தாண்டி, காலையில் நாங்கள் எண்ணிய இடத்துக்குள் நுழைந்ததும் ஒன்றும் இல்லை. கோடு கிழித்தது போல நின்றுவிட்டது.

"முதலாளி, அப்படியே நில்லுங்க."

நின்றேன்.

"நீங்க ஏன் இங்க விழல?"

"என்ன கேள்வி அக்கா இது?"

"மேல ரெண்டு அடி வைக்கறதுக்குள்ள விழுந்தீங்க. இங்க காலைலேர்ந்து கெத்தா நடந்துட்டிருக்கீங்க, ஒரு தடவைகூட விழல. நீங்க விழாம இருக்கறது இயற்கை இல்ல."

குனிந்து ஒரு கல்லைத் தொட்டேன். வழவழப்பே இல்லை. கழுவிக் கவிழ்த்த சோற்றுக் கிண்ணம் போல இருந்தது. பக்கத்துக் கல்லும் அப்படியே. பாசி இல்லை, ஒரு இலை இல்லை, ஒரு சுள்ளி இல்லை.

உமேனோ அக்கா கரையில் உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, என் குரலிலேயே கேட்டார்: "நேத்து காலைல எங்க இருந்தீங்க?"

"இங்கதான். ஊரே இங்கதான இருந்துச்சு. துப்புரவு நாள். மறுநாள் விருந்தாளிங்க வர்றாங்கல்ல."

"சாட்சி?"

"நாப்பது வீடு."

"கையில ஆயுதம்?"

"பிரஷ்." சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்காமல் போனது.

"என்ன செஞ்சீங்க?"

"கல்லைத் தேச்சேன். ஒவ்வொண்ணா. அடிப்பக்கமும் தேய்க்கணும்னு தலைவர் சொன்னாரு. விருந்தாளிங்க கல்லைப் பொரட்டித்தான பாப்பாங்க, அழுக்கா இருந்தா ஊர் மானம் போயிடும்னு."

"இலை, பாசி எல்லாம்?"

"பையில போட்டுக் கட்டினோம்."

"இந்தத் துப்புரவு எப்பலேர்ந்து நடக்குது?"

நுகுயி தலைவரான வசந்தத்திலிருந்து. அதாவது டோஃபு கடை திறந்த அதே வசந்தத்திலிருந்து. முதல் வருஷம் துடைப்பம், இரண்டாம் வருஷம் வாளி, மூன்றாம் வருஷம் ஆளுக்கொரு பிரஷ். வருஷா வருஷம் எங்கள் அக்கறை கூடியது, வருஷா வருஷம் புள்ளியின் நிறம் மாறியது.

"நீங்க மட்டும் நேத்து எங்க அக்கா இருந்தீங்க?"

"முட்டி வலி, வீட்டுல படுத்திருந்தேன். சோம்பேறிங்க இந்த நாட்டோட ஆறுகளுக்கு செஞ்ச சேவையை யாரும் கணக்குல எடுக்கறதில்ல."

பைகள் சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் குவிந்திருந்தன. திங்கட்கிழமை லாரி வர வேண்டும். எங்கள் ஊரில் குப்பைப் பையில் அவரவர் பேர் எழுதியாக வேண்டும். அதுவும் நுகுயி கொண்டுவந்த விதிதான். மேலாக இருந்த பையை எடுத்து அவிழ்த்தேன். ஈர இலைகளுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. பையைத் திருப்பி, யாருடையது என்று பார்த்தேன். பெரிய எழுத்தில், அழகாக, கன்பாரா என்று எழுதியிருந்தது.

இத்தனை வருஷத்தில் நான் கையெழுத்தோடு பிடித்த முதல் குற்றவாளி.

* * *

கூட்ட அறையில் நீள மேஜை, எல்லோர் முன்னாலும் தேநீர். குராயிஷி கதவோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டிருந்தது. யாரும் திட்டமிட்டு விட்டதில்லை, அப்படி அமைந்துவிட்டது.

"ஓடை விஷயமா... சில பேர் மனசுல... அதனால சம்பந்தப்பட்டவங்க கொஞ்சம்..." என்று நுகுயி தொடங்கினார்.

நான் எழுந்தேன். "தலைவரே, சம்பந்தப்பட்டவன் கெடைச்சுட்டான்." பையை மேஜைமேல் வைத்தேன். "பேர் எழுதியிருக்கு, எல்லாரும் பாத்துக்கலாம்."

படித்தார்கள். என்னைப் பார்த்தார்கள். அதற்குள் பையின் வாயிலிருந்து ஒரு நண்டு ஏறி வெளியே வந்து, மேஜைமேல் பக்கவாட்டில் நடந்து, நுகுயியின் தேநீர்க் கோப்பை அருகே போய் நின்றது. அவ்வளவு பெரிய மேஜையில் அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

நான் சுருக்கமாகச் சொன்னேன். கடைக் குழாய்க்கு நேர் கீழே நண்டு இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நாம் தேய்த்த இடத்தில் மட்டும்தான் இல்லை. "குடியிருந்தவங்களை எல்லாம் சனிக்கெழமை பையில கட்டி வெச்சுட்டு, ஞாயித்துக்கெழமை வந்து வீட்டுல ஆளே இல்லையேன்னு எண்ணியிருக்கோம். நான் மட்டும் ஒரு பை."

முடி திருத்தும் கடைக்காரர் ஒகிட்சு மெல்லச் சொன்னார்: "என் பையிலயும் ஏதோ நெளிஞ்சுது. நான் அழுத்திக் கட்டிட்டேன்." அதன்பின் மேஜை முழுக்க முனகல் பரவியது. எல்லோர் பையிலும் ஏதோ நெளிந்திருக்கிறது.

நுகுயி தன் கோப்பையை நண்டிடமிருந்து ஒரு விரல் தள்ளி வைத்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவர் போல நிமிர்ந்தார். "சரி. இனிமே துப்புரவை இலையுதிர் காலத்துக்கு மாத்திடுவோம். இதைப் பெருசு பண்ண வேண்டாம். அடுத்த ஜூன்ல புள்ளி தானா நீலமாயிடும். ஊருக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது. யாருக்கும் சங்கடம் இல்ல."

தலைகள் நிம்மதியாக அசைந்தன. நானும் தலையாட்டினேன். வழக்கு முடிந்தது, யாருக்கும் முகம் கோணவில்லை, எவ்வளவு அழகான முடிவு என்று எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது. அது அரை நிமிஷம் நீடித்தது.

"நான் இந்த மாசம் கடையை மூடறதா இருக்கேன்," என்றார் குராயிஷி.

அசைந்த தலைகள் கதவோரம் திரும்பின.

"மூடிட்டேன்னு வெச்சுக்குங்க. அடுத்த ஜூன்ல நீங்க கல்லைத் தேய்க்க மாட்டீங்க. நண்டு திரும்பி வரும். புள்ளி நீலமாகும். அப்ப ஊர் என்ன சொல்லும்?"

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. ஒகிட்சுதான் வாயைத் திறந்தார். பாவம், நல்ல மனுஷன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர். "டோஃபு கடை போச்சு, ஓடை பொழைச்சுதுன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்கல்ல." குராயிஷியின் குரல் உயரவில்லை. "நாடே அந்தப் படத்தைப் பாத்து நெசாவா தேறிடுச்சுன்னு சந்தோஷப்படும். அந்த நீலப் புள்ளிதான் எனக்கு எதிரான சாட்சி. அதை நானே கடையை மூடி உங்களுக்குத் தயார் பண்ணித் தரணும். மூணு வருஷமா யாராவது ஒருத்தர் வந்து, குராயிஷி, அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு கேட்டிருந்தா, கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பேன். யாரும் கேக்கல."

"கேட்டா உங்க மனசு புண்படுமேன்னு..." என்று யாரோ ஆரம்பித்தார்.

"கீழ போனதும் பொய்க் கணக்கு, மேல வரப் போறதும் பொய்க் கணக்கு," என்றார் உமேனோ அக்கா. "இப்படி எத்தனை ஊர் பொய்யைக் கூட்டி நாட்டோட தண்ணி நல்லா இருக்குன்னு சொல்லிக்கறோமோ தெரியல." முதல் முறையாக அவர் குரலில் கிண்டல் இல்லை.

நுகுயி எழுந்தார். பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். என் தொழிலுக்கு ஊரில் இனி எதிர்காலம் இல்லை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே கம்பத்து ஒலிபெருக்கிகள் கரகரத்தன. வெள்ள எச்சரிக்கைக்கும், வழி தவறிய முதியவர்களைத் தேடுவதற்கும் ஊர் முழுக்கக் கட்டியிருக்கும் குழாய்கள். மலையில் மோதி எதிரொலிக்கும் என்பதால் அதில் ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டுத்தான் பேச வேண்டும்.

"இது... ஊர்ச் சங்கத்தின்... அறிவிப்பு. நெசாவா ஓடையில்... நண்டுகள் இல்லாமல் போனதற்குக் காரணம்... சங்கம் நடத்திய... துப்புரவுப் பணி. மூன்று வருடக் கணக்கையும்... திரும்பப் பெறும்படி... மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவிக்கிறோம். மேல் பக்கத்தில் உள்ள... கடைகள் எதற்கும்... இதில் சம்பந்தம் இல்லை."

"கடைகளாம்," என்று உமேனோ அக்கா முணுமுணுத்தார். "மேல் பக்கம் இருக்கறதே ஒண்ணுதான். பேர் சொல்ல வாய் வரல பாருங்க."

குராயிஷி தேநீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த ஒலிபெருக்கியில் எந்த அறிவிப்பையும் இரண்டு முறை வாசிப்பது வழக்கம். "மறுபடியும்... அறிவிக்கிறோம்," என்றது நுகுயியின் குரல். முதலிலிருந்து அதே சொற்கள், அதே இடைவெளிகள். 'மேல் பக்கத்தில் உள்ள' என்ற இடத்தில் குரல் நின்றது. எவ்வளவோ நேரம் நின்றது. அவர் மூச்சு விடுவது ஊருக்கே கேட்டது.

"மேல் பக்கத்தில் உள்ள... குராயிஷி டோஃபு கடைக்கும்... குராயிஷி மிட்சுயே அம்மாவுக்கும்... இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரைச் சந்தேகப்பட்டது... நான். சங்கத் தலைவர்... நுகுயி."

'நான்' என்று மலை ஒருமுறை திருப்பிச் சொன்னது. பிறகு 'நுகுயி' என்று சொன்னது.

குராயிஷி அழுவார் என்று நான் எதிர்பார்த்துக் கைக்குட்டையைத் தேடினேன். என் கணிப்பு வழக்கம்போலத் தவறு. அவர் எழுந்து, வாசலில் கழற்றி வைத்திருந்த பூட்ஸுக்குள் காலை நுழைத்தார்.

"எங்க கெளம்பிட்டீங்கம்மா?" என்று உமேனோ அக்கா கேட்டார்.

"சோயா ஊறப் போடணும். இப்பவே போட்டாத்தான் காலைல அரைக்க முடியும்." கதவில் கை வைத்தபடி ஒரு கணம் தயங்கி, மேஜை முழுக்க ஒரு பார்வை பார்த்தார். "எத்தனை வீட்டுக்குப் போடறதுன்னுதான் தெரியல."

முதலில் கை தூக்கியவர் ஒகிட்சு.